வியாழக்கிழமை ஆட்டிய தலை

மூக்கின் மேல் பவுடரை ஒற்றிக்கொண்டிருந்த மேக்கப் பெண் ஏதோ கேட்டாள், சென்னியப்பன் தலையை ஆட்டினார், அவள் அவருடைய கண்ணாடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஓகோ, அதைத்தான் கேட்டிருக்கிறாள். கண்ணாடி போனதும் மீட்டிங் ஹால் கலங்கிவிட்டது. அங்கங்கே நின்றவர்கள் சட்டை நிறமாகவும் சேலை நிறமாகவும் நின்றார்கள், ஒருவருக்கும் வாய் இல்லை. வாய் தெரியாவிட்டால் இவருக்குக் காது கேட்காது. கண்ணாடியைக் கொடம்மா, காது கேட்கவில்லை என்று ஒரு மனிதன் சொன்னால் அவனை எங்கே கூட்டிக்கொண்டு போவார்கள், அதிலும் அவன் எழுநூறு பேர் வேலை பார்க்கிற பம்ப் கம்பெனிக்கு எம்.டி.யாக இருந்தால். சும்மா உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால், கோயம்புத்தூரில் நீலாம்பூரைத் தாண்டி கம்பெனியின் முதல் மாடி, கீழே அசெம்பிளி ஷெட் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது ஷூவின் அடித்தோல் வழியாகக் காலுக்குத் தெரிந்தது. கால் நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணாடி போட்டால் கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது. எதிரே இரண்டு பெரிய லைட், நடுவில் கேமரா. ஐரோப்பாவில் இவர்களிடம் பம்ப் வாங்குகிற கம்பெனி இந்த வருஷம் புதிதாக ஒன்று கேட்டிருக்கிறது. உங்கள் பணியிடத்தில் பன்முகத்தன்மையையும் எல்லோரையும் சேர்த்துக்கொள்வதையும் தலைமை எவ்வளவு உறுதியோடு ஆதரிக்கிறது என்பதைத் தலைவர் தன் வாயாலேயே சொல்லி வீடியோ அனுப்ப வேண்டுமாம். தன் வாயால். வாயில் இவருக்கு ஒரு கோளாறும் கிடையாது.

காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் சந்தேகமெல்லாம் மற்றவர்கள் மேல்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை, போன் லைன் சரியில்லை, காரில் ஏசி இரைகிறது, டிவியில் எல்லோரும் முணுமுணுக்கிறார்கள். மனைவி வசந்தாமணி சமையலறையிலிருந்து கேட்டதற்குப் பதில் வராதபோது வாசற்படிக்கு வந்து, "ஏனுங்க, நான் செவுத்துகிட்டயா பேசிட்டிருக்கறன்?" என்பாள், அதையும் முப்பது வருஷத்துச் சலிப்பு என்றே எடுத்துக்கொண்டார். கொரோனா வந்து ஊரே வாயில் துணி கட்டியபோதுதான் குட்டு உடைந்தது, அதுவும் அவருக்கு மட்டும். ஒரு திங்கட்கிழமை மீட்டிங்கில் பதினான்கு முகக்கவசங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தன, ஒருவரும் பேசவில்லையே என்று இவர் பேச ஆரம்பித்தார், பதினான்கு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அப்போது சேல்ஸ் மேனேஜர் பாதிப் பேச்சில் இருந்தாராம். இத்தனை காலமும் தான் கேட்டது காதால் அல்ல, உதட்டைப் பார்த்துத்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஆர்.எஸ். புரத்தில் டாக்டர் படம் போட்டுக் காட்டினார், இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலதில் பாதிக்கும் கீழே. காது மெஷின் வாங்கியாயிற்று. பீரோவில் பட்டு வேட்டிக்கு அடியில் அது பெட்டியோடு கிடக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு கம்பெனிக்குள் நுழைய மனம் வரவில்லை, அதனால் வேறு வழிகள் கண்டுபிடித்தார். போனில் யார் அழைத்தாலும் மெயில் போட்டுருங்க என்றார், எதையும் எழுத்தில் வைத்துக்கொள்ளும் கண்டிப்பான ஆள் என்று பெயர் வந்தது. பேசுகிறவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தார், எம்.டி. நம்மை மதிக்கிறார் என்று நெகிழ்ந்தார்கள். புரியாத இடத்தில் தலையை ஆட்டினார், ரொம்பவும் புரியாத இடத்தில் பார்த்துக்கலாம் என்றார். போன வருஷம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக் கணிப்பில் "எம்.டி. எங்கள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார்" என்பதற்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் ஆமாம் என்று எழுதியிருந்தார்கள். கம்பெனி இதழில் அவர் படத்தைப் போட்டு மேலே "கேட்கும் தலைவர்" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தார்கள். சிரிப்பதற்குக்கூட அவருக்கு ஆள் இல்லை.

நீலச் சேலை ஒன்று நெருங்கி வந்தது. ரேணுகாவாக இருக்க வேண்டும், ஹெச்.ஆர். தலைவி, பத்து வருஷமாக இங்கே இருக்கிறாள், வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுவாள், உதடு பிரித்துப் பேசுவதால் அவளைச் சென்னியப்பனுக்குப் பிடிக்கும். இப்போது உதடு இல்லை. அவள் சொல்லிக்கொண்டே போனாள், அங்கே ஒரு சொல் இங்கே ஒரு சொல்லாக வலது காதில் இடறிவிட்டுப் போயின. அவர் கையை நீட்டி, "கண்ணாடி இருக்கட்டும், அது இல்லாம என்னை யாருக்கு அடையாளம் தெரியப்போகுது" என்றார். எல்லோரும் சிரித்திருக்க வேண்டும், தோள்கள் குலுங்கின. கண்ணாடி வந்தது, ஹால் தெளிந்தது, ரேணுகாவுக்கு வாய் முளைத்தது. "நீங்க தமிழ்ல சொல்றீங்க சார், கீழ இங்கிலீஷ் எழுத்து ஓடும். பக்கத்துல நம்ம ஷெட்ல இருக்கிற மோகனப்பிரியா நின்னு சைகை மொழில காட்டுவாங்க. இதை நான்தான் சார் யோசிச்சேன், நல்லா வரும்." மோகனப்பிரியா என்ற பெயரில் உதடு இரண்டு முறை ஒட்டிப் பிரிந்தது. சென்னியப்பன் தலையை ஆட்டவில்லை. இன்றைக்கு முதல் முறையாக ஒரு பேச்சு முழுசாகப் புரிந்து, அதனாலேயே ஆட்ட முடியவில்லை. "அந்தப் பொண்ணுக்கு இப்ப மனசு எப்படியிருக்கு?" என்று மட்டும் கேட்டார். ரேணுகா, "கூப்பிட்டேன், வர்றேன்னுட்டாங்க சார். வேலைன்னா வந்துருவாங்க" என்றாள். வேலை என்றால் வந்துவிடுவாள், எந்த வேலையிலிருந்து எந்த வேலைக்கு என்பதுதான் விஷயம்.

வியாழக்கிழமை. அதை எப்படித் தவிர்த்துப் பார்த்தாலும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது. வியாழக்கிழமை மூன்று மணிக்கு அசெம்பிளி ஷெட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார், டெஸ்டிங்கில் ஆறு மோட்டார் ஒரே நேரத்தில் ஓடின, ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் நல்ல காதுக்காரனே கத்தித்தான் பேச வேண்டும். ஆறுச்சாமி குறுக்கே வந்து நின்றார். டெஸ்டிங் சூப்பர்வைசர், முப்பத்து நாலு வருஷ சர்வீஸ், ஷெட்டுக்குள் அவர் குரல் தனியாகக் கேட்கும் என்று ஊரே சொல்லும், ஆனால் எம்.டி.யைக் கண்டால் முதுகை ஒரு பிடி வளைத்து வலது கையை எடுத்து வாய்க்கு முன்னால் பொத்திக்கொள்வார். மேலே இருக்கிறவர்கள் மேல் மூச்சுக்காற்று படக்கூடாது என்று அவரை யார் எப்போது பழக்கினார்களோ, பழைய முதலாளி காலத்துப் பழக்கம், உடம்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கையை எடுத்துட்டுப் பேசுங்க ஆறுச்சாமி, நானும் உங்களை மாதிரி ஒரு ஆளுதான் என்று ஒரு முறை சென்னியப்பன் சொல்லியும் பார்த்தார். கை இறங்கியது, இரண்டு வாக்கியம் போனது, தானாக மறுபடி ஏறிக்கொண்டது. பொத்திய கைக்கு மேலே ஒரு மீசை, மீசைக்கு மேலே கவலை நிறைந்த இரண்டு கண், இவ்வளவுதான் வியாழக்கிழமை சென்னியப்பனுக்குக் கிடைத்தது. முழுசாக ஒரு நிமிஷம் அந்தக் கைக்குப் பின்னால் ஏதோ நடந்தது. கண்கள் ஒரு முறை டெஸ்டிங் பெஞ்சுப் பக்கம் போய்வந்தன. கேட்டுவிட்டு நின்றார், பதிலுக்காக. என்ன சொன்னீங்க என்று கேட்டிருக்கலாம். கேட்டால் மறுபடியும் அந்தக் கை, மறுபடியும் ஒரு நிமிஷம், மறுபடியும் என்ன சொன்னீங்க. பின்னால் சுற்றிப் பார்க்க வந்த இரண்டு டைரக்டர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இவ்வளவு அக்கறையோடு ஒருவர் கேட்கிற விஷயம் நல்லதாகத்தான் இருக்கும், லீவாக இருக்கும், பேத்திக்குக் காதுகுத்தாக இருக்கும். சென்னியப்பன் தலையை ஆட்டினார். போதாததற்குத் தோளில் தட்டியும் கொடுத்தார். ஆறுச்சாமியின் கண்ணில் பாரம் இறங்கியதைப் பார்த்து இவருக்கும் ஒரு நிறைவு, நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று. நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது, லைட் சூடு என்று சொல்லிக்கொள்ளலாம்.

நேற்றுத் திங்கட்கிழமை ரேணுகா வந்து மேசை மேல் ஒரு காகிதத்தை வைத்தாள். மோகனப்பிரியா, டெஸ்டிங்கிலிருந்து பேக்கிங்குக்கு, ஒன்றாம் தேதி முதல், எம்.டி.யின் வாய்மொழி உத்தரவின்படி. "ஆறுச்சாமி வந்து நீங்க சரின்னு சொல்லிட்டதா சொன்னாரு சார், ஆர்டர் போட்டாச்சு. எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு" என்றாள், உதட்டைப் பிரித்து, தெள்ளத் தெளிவாக. பிறகு மீதியையும் அவளே சொன்னாள். இரண்டு வாரம் முன்பு சைரன் ஒத்திகை நடந்தபோது ஷெட்டில் எல்லோரும் வெளியே ஓடினார்கள், காது கேட்காத மோகனப்பிரியா மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு மோட்டாரைப் பார்த்தபடியே நின்றாள், ஆறுச்சாமி திரும்ப உள்ளே ஓடிக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லையாம். நிஜமாகவே ஒன்று நடந்து நான் அந்தப் பக்கம் இல்லைன்னா அந்தப் புள்ள என்னாகறதுங்க, என்று ரேணுகாவிடம் கண் கலங்கினாராம். அதாவது, கையைப் பொத்திக்கொண்டு இவரிடம் கேட்டதும் அதுதான். கெட்ட எண்ணம் ஒரு சொட்டு இல்லை. சுவரில் சுழலுகிற சிவப்பு விளக்கு இரண்டு மாட்டினால் தீர்ந்துபோகிற விஷயம், அன்றைக்குக் காதில் விழுந்திருந்தால் அரை நிமிஷத்தில் அதைச் சொல்லியிருப்பார், சென்னியப்பன் ஒன்றும் மோசமான இன்ஜினியர் இல்லை. நேற்றாவது சொல்லியிருக்கலாம். ஆர்டரைக் கிழிங்க ரேணுகா, நான் அப்படி ஒண்ணும் சொல்லல. அப்படியானால் ஆறுச்சாமி பொய் சொன்னார் என்றாகும். நான் தலையை ஆட்டினேன், ஆனா அவர் சொன்னது கேக்கல. ஏன் கேக்கல சார்? அந்தக் கேள்வியோடு எல்லாம் நின்றுவிட்டது. "ம்" என்றார் சென்னியப்பன். ரேணுகா காகிதத்தை எடுத்துக்கொண்டு போனாள். வியாழக்கிழமை செய்தது தவறு, நேற்றுச் செய்தது தவறு இல்லை, அதற்கு வேறு பெயர்.

பேக்கிங் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாதா. இந்தக் கம்பெனியில் கேட்காதவர்கள், ஒரு கால் இல்லாதவர்கள், கை சூம்பியவர்கள் எல்லோரையும் பேக்கிங்கில்தான் போடுவது, இருபது வருஷமாக அதுதான் வழக்கம். அட்டைப்பெட்டி மடி, டேப் ஒட்டு, தெர்மகோல் வை. மோகனப்பிரியாவும் அங்கேதான் சேர்ந்தாள், இரண்டு வருஷம் பெட்டி மடித்தாள், மூன்று முறை எழுதிக் கேட்டு, பரீட்சை எழுதி, டெஸ்டிங்குக்கு ஏறினாள். ஏறி நாலு வருஷம். உள்ளங்கையை பேரிங் மேல் வைத்தே கோளாறைக் கண்டுபிடித்துவிடுகிறாள் என்று கம்பெனி இதழில் ஒரு பக்கம் கதை எழுதினார்கள், காது போனால் கைக்கு ஏதோ வரம் கிடைத்துவிடுகிற மாதிரி. மண்ணாங்கட்டி. எல்லா டெஸ்டரும் கையை வைத்துத்தான் பார்ப்பான், மீதிக்கு மீட்டர் இருக்கிறது, அவள் மற்றவர்களைவிடப் பொறுமையாகப் பார்க்கிறாள், அவ்வளவுதான். இவருக்குக் காது போய் எந்த வரமும் கிடைக்கவில்லை. கிடைத்தது பயம். மார்ச் மாதம் இன்னும் மூன்று வருஷத்துக்குப் பதவி நீட்டிப்பு போர்டு முன்னால் வருகிறது, காது கேட்காத எம்.டி.யை வைத்துக்கொண்டு எப்படிங்க என்று ஒருத்தராவது கேட்பார், மற்றவர்கள் மேசையைப் பார்ப்பார்கள். ஆனால் உண்மையில் பயம் மார்ச் பற்றியது இல்லை. ட்ரெயினியாகச் சேர்ந்த வருஷம் ஸ்டோரில் ரங்கசாமி என்று ஒருவர் இருந்தார், சட்டைப்பையில் பெட்டி, பெட்டியிலிருந்து காதுக்கு ஒயர், அந்தக் காலத்து மெஷின். ரேடியோ என்று பெயர் வைத்திருந்தார்கள். ரேடியோ, இன்னிக்கு என்ன பாட்டு? ரேடியோ, நியூஸ் சொல்லு. மனிதர் சிரித்துக்கொண்டே போல்ட்டு எண்ணிக் கொடுப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து, பரவாயில்லை, தமாஷாகத்தான் எடுத்துக்கொள்கிறார் என்று நினைத்தவர்களில் சென்னியப்பனும் ஒருவர். பெயரை வைத்ததே சென்னியப்பன்தானா, வேறு யாராவதா? முப்பது வருஷமாக அது மட்டும் சரியாக ஞாபகம் வரமாட்டேன் என்கிறது, ஞாபகம் வராமல் இருப்பதே நல்லது என்று அவரும் தோண்டிப் பார்ப்பதில்லை. தனக்கு என்ன பெயர் வைப்பார்கள்? இப்போது ரேடியோ என்றால் யாருக்கும் தெரியாது. புளூடூத் என்பார்கள். அது தோன்றியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, மேக்கப் பெண் சிரிக்காதீர்கள் என்று கையைக் காட்டினாள்.

கதவு திறந்தது. மோகனப்பிரியா வந்தாள், பின்னாலேயே ஆறுச்சாமி வந்தார். அவளை மாடிக்குக் கூட்டிவர வேறு யாரையும் நம்பவில்லை போலிருக்கிறது, அல்லது அவளைப் பேக்கிங்குக்கு அனுப்பிய பாவத்துக்குத் துணைக்கு வந்திருக்கிறார். முப்பது வயதிருக்கும், கம்பெனிச் சீருடையைத் தேய்த்துப் போட்டிருந்தாள், கழுத்தில் செல்போன் தொங்கியது. பேச வேண்டியதை அதில் தட்டிக் காட்டுவாள். அவள் எழுதுவது பாடப்புத்தகத் தமிழ், பேச்சுத் தமிழ் காதில் விழுந்திருந்தால்தானே எழுத்தில் வரும். சென்னியப்பனுக்கு வலது பக்கம், ஒரு முழம் தள்ளி, அவளை நிறுத்தினார்கள். அவள் கும்பிட்டாள், இவரும் கும்பிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம், அவள் இவர் முகத்தையே பார்த்தாள், முகத்தைக்கூட இல்லை, கண்ணை, இவர் கண் எங்கே போகிறது என்பதை. கேமராக்காரர் ஏதோ சொன்னார், சென்னியப்பனின் கண் அவர் உதட்டுக்குப் போனது, அதே நொடியில் அவள் கண்ணும் அங்கே போனது. ரேணுகா ஏதோ சொன்னாள், இரண்டு பேர் கண்ணும் ஒன்றாகத் திரும்பின. ஹாலில் மற்றவர்கள் எல்லோரும் காதை மட்டும் கொடுத்துவிட்டு ஒயரையும் லைட்டையும் செல்போனையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், வாயைத் துரத்திக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர். இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று சென்னியப்பனுக்குத் தெரிந்தது. இன்றைக்குத் தெரிந்ததா, எப்போதோ தெரியுமா? ஷெட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் பெஞ்சிலிருந்து நிமிர்ந்து பார்ப்பாளே. "சார், ஏசி சத்தம் மைக்ல விழுது, உங்களுக்கும் கேக்குதுங்களா?" என்றார் கேமராக்காரர். "லேசாக் கேக்குது" என்றார் சென்னியப்பன். கேமராக்காரர் மேலே பார்த்தார், ரேணுகாவும் பார்த்தாள். ஏசியைக் கொஞ்சம் முன்பே அணைத்திருந்தார்கள், அதில் கட்டியிருந்த ரிப்பன் ஆடவில்லை. அது ஷெட் சத்தம் சார், பரவாயில்லை, போலாம், என்று அவர் விரல்களை மடக்க ஆரம்பித்தார், மூன்று, இரண்டு, ஒன்று. விரலால் எண்ணுகிறவர்கள் நீடூழி வாழட்டும்.

எதிரே கேமராவுக்கு முன்னால் மாட்டியிருந்த கண்ணாடித் தட்டில், பேச வேண்டியது எழுத்தாக ஏறி வந்தது, படிப்பதில் சிரமமே இல்லை, இந்த உலகம் முழுக்க இப்படி எழுத்தாக ஏறி வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். நமது நிறுவனத்தில் ஒவ்வொருவரும் அவரவராகவே இருக்கலாம். அதே எழுத்தைப் பார்த்துப் பக்கத்தில் அவள் கைகள் எழுந்தன, கடைக்கண்ணில் வெள்ளையாக இரண்டு அசைவு. யாரும் தன்னை மறைத்துக்கொள்ளத் தேவையில்லாத பணியிடத்தை உருவாக்குவதே தலைமையின் முதல் கடமை. இதை யார் எழுதியது, ரேணுகாவா, ரேணுகாவின் கம்ப்யூட்டரா? மறைத்துக்கொள்ள என்பதற்கு அவள் கை என்ன செய்தது என்று பார்க்க ஆசையாக இருந்தது, பார்த்தால் எழுத்து ஓடிவிடும். உடல்நிலையோ, பாலினமோ, பிறப்போ, மொழியோ ஒருவரின் உயர்வுக்குத் தடையாக இருக்க நான் அனுமதிக்கமாட்டேன். நான். கட்டைவிரலால் அவள் தன் நெஞ்சைத் தொட்டிருப்பாள், சைகையில் நான் என்பதற்கு வேறு என்ன செய்ய முடியும். அப்படியானால் இந்த நான் யார்? சென்னியப்பன் சொல்வதை அவள் தன் நெஞ்சைத் தொட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஒன்றாம் தேதி பெட்டி மடிக்கப் போகிறவள். குரல் தடுமாறவில்லை, அது எப்போதுமே நல்ல குரல், மேடைக் குரல், தொண்டை அதிர்வதை வைத்தே அதன் அளவைப் பிடித்து வைத்திருந்தார். உங்கள் ஒவ்வொருவரின் குரலையும் நான் கேட்கிறேன். அதைச் சொல்லும்போது கேமராவுக்குப் பின்னால் நின்ற ஆறுச்சாமி தெரிந்தார். எம்.டி. இவ்வளவு நல்லவராக இருப்பதைப் பார்த்து அவருக்குக் கண் நிறைந்திருந்தது. இந்த ஆளுக்கு ஒரு நாளும் என்மேல் சந்தேகம் வராது என்று நினைத்தபோது சென்னியப்பனுக்கு வெட்கமாக இருந்தது, வேறு எதற்கும் வராத வெட்கம் அந்தக் கண்ணைப் பார்த்து வந்தது. நன்றி, வணக்கம். கேமராக்காரரின் கட்டைவிரல் உயர்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், தட்டுகிற கைகள் தெரிந்தன.

லைட் அணைந்ததும் மோகனப்பிரியா கழுத்திலிருந்த செல்போனை எடுத்துத் தட்டினாள். அவசரப்படவில்லை. தட்டி முடித்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள். "டெஸ்டிங்கிலிருந்து என்னை மாற்றச் சொன்னது நீங்களா, சார்?" பெரிய எழுத்து. ரேணுகா ஓரடி முன்னால் வந்து, "ப்ரியா, அதெல்லாம் அப்புறம் தனியாப் பேசிக்கலாம்மா" என்று கையை அசைத்தாள். அவள் ரேணுகா பக்கம் திரும்பவே இல்லை, திரும்பாதவரைக்கும் ரேணுகா சொன்னது அவளுக்குச் சொன்னதாகாது. ஆறுச்சாமி இவரைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிடலாம், உன் பாதுகாப்புக்குத்தானம்மா என்று ஒரு வரி சேர்த்தால் அழகாகவும் இருக்கும், அவள் இறங்கிப் போவாள். இல்லை என்றும் சொல்லலாம், ஆர்டரை இங்கேயே கிழிக்கச் சொல்லலாம், அவள் பெஞ்சில் நிற்பாள், முப்பத்து நாலு வருஷம் வாய் பொத்திப் பேசிய மனிதர் பொய்யராக ஷெட்டுக்குள் திரும்பிப் போவார். தலையாட்டலால் தீர்க்க முடியாத கேள்வி. இப்படி ஆட்டினாலும் ஒருத்தர் போகிறார், அப்படி ஆட்டினாலும் ஒருத்தர் போகிறார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது, வந்ததும் புத்திசாலித்தனமாகவும் பட்டது. ரேணுகாவுக்கும் மற்றவர்களுக்கும் முதுகைக் காட்டி, அவள் பக்கம் மட்டும் திரும்பி, குரல் இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்தார். எனக்குக் கேக்கல. ஆறுச்சாமி சொன்னது எனக்குக் கேக்கவே இல்ல. ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, நிறுத்தி. சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது, உண்மையைச் சொல்லியாயிற்று, யாருக்கும் தெரியவும் இல்லை, நாளைக்கு விளக்கு மாட்டி, வேறு காரணம் எழுதி, மெதுவாக ஆர்டரை மாற்றிவிடலாம்.

அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. மறுபடி தட்டினாள், இந்த முறை உயர்த்திப் பிடிக்கவில்லை, அவருக்கு மட்டும் காட்டினாள். "தெரியும் சார். சத்தமாகச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கேட்க வேண்டும்." சென்னியப்பன் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாவது முறையும் படித்தார், அவள் போனை எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தாள், கண் ஒரு முறை ரேணுகா பக்கம் போய்வந்தது, இவளுக்கும் பயம் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. இவர் சொல்லாமல் விட்டுவிட்டால் இவளுக்கு நாளை என்ன என்பது அந்தப் பார்வையில் இருந்தது. மார்ச் வந்தது, போர்டு மேசை வந்தது, ரங்கசாமி சிரித்துக்கொண்டே போல்ட்டு எண்ணினார், இத்தனையும் வந்து நிற்க இடம் இல்லாமல் ஒன்றையொன்று தள்ளின. அவர் ஆறுச்சாமி பக்கம் திரும்பினார். என்ன சொல்லப்போகிறாரோ என்று ஆறுச்சாமியின் கை தானாக வாய்க்கு ஏறிக்கொண்டிருந்தது. "ஆறுச்சாமி, வியாழக்கிழமை நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட எனக்குக் கேக்கல. எனக்குக் காது கேக்காதுங்க, நாலு வருஷமாக் கேக்கறதில்ல. கேட்ட மாதிரி சும்மா தலையை ஆட்டினேன்" என்றார் சென்னியப்பன். தொண்டை அதிர்வை வைத்து அளவு பார்க்க இந்த முறை மறந்துபோய்விட்டது, எவ்வளவு சத்தமாகச் சொன்னோம் என்று அவருக்குத் தெரியவில்லை. ஹாலின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் டிசைன் செக்‌ஷனில் இருந்த பதினோரு பேரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தார்கள்.